இரட்டைக் கொம்பு

"சார், நில்லுங்க. நான் இன்னும் வாசிச்சு முடிக்கல."

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு அவர் முகம் வருவதற்கு முன்னால் இந்தக் குரல்தான் வரும். கொடைக்கானல் நாயுடுபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை ஹாலில் மிஷன் சிஸ்டர்கள் நடத்திய இலவச மல்ட்டிமீடியா வகுப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம். ஹாலில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன, உயிரோடு இருந்தவை ஐந்து. பாடம் நடத்த மதுரையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். குளிர் தாங்காமல் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய நின்று பாடம் நடத்துவார்.

முதல் நாள் ஒரு மாதிரி வீடியோ போட்டுக் காட்டினார். அதில் படம் கிடையாது, ஆள் கிடையாது, வெறும் எழுத்துதான். சொற்கள் ஓடி வரும், பெரிதாகும், சாயும், அப்புறம் சிதறிப் பறந்து போகும். எழுத்தை ஆட வைத்தே ஒரு விஷயத்தைச் சொல்வது எப்படி என்பதுதான் எங்களுக்குப் பாடம். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். முடிந்ததும் கடைசி நாற்காலியிலிருந்து அந்தக் குரல் வந்தது. சார் மறுபடி போட்டார். மறுபடியும் அதே குரல். மூன்றாவது தடவை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, இது நியூஸ் பேப்பர் இல்ல. ஒவ்வொரு எழுத்தா வாசிக்கக் கூடாது. அப்படியே ஃபீல் பண்ணணும்."

"வாசிக்காம எப்படி சார் ஃபீல் பண்ணுறது?"

ஹாலே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் மப்ளரைச் சரிசெய்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அக்காவுக்கு நாற்பது வயதுக்குப் பக்கம். எங்களுக்கெல்லாம் அதில் பாதி வயது, புத்தி அதிலும் பாதி. மன்னவனூர் ரோட்டில், பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும் ஒரு காலனியிலிருந்து வருவார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் வந்து குடியேறியவர்களின் காலனி அது. கப்பல் ஏறியபோது அக்கா சின்னப் பிள்ளை. ஆனாலும் டீ அவருக்குத் தேத்தண்ணிதான், பேசுவது கதைக்கிறதுதான், பஸ் லேட் என்றால் 'சுணங்குது' என்பார். காலையில் கேரட் கழுவும் கூலி வேலை, மத்தியானம் வகுப்பு. பச்சைத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். மவுஸைப் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா இந்தச் சோலி?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கேபிள் டிவி ஆபீஸ்ல வெளம்பரம் எழுதுற பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சு தம்பி. இதப் படிச்சிட்டு வந்தா சேத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. ரூமுக்குள்ள ஒக்காந்து பாக்குற வேல. அப்பாவப் பக்கத்துலயே வச்சுக்கிடலாம்."

அவருடைய கணக்கு அவ்வளவுதான். அப்பாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்து போட்டால் நடக்க ஆரம்பித்துவிடுவார். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "ஐயா, கோத்தகிரி பஸ்ஸு எங்க நிக்கும்?" கோத்தகிரி நீலகிரியில் இருக்கிறது. எங்கள் மலையை விட்டு இறங்கி, சமவெளியைத் தாண்டி, இன்னொரு மலை ஏற வேண்டும். கொடைக்கானலில் நின்றுகொண்டு அந்த பஸ்ஸைக் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? சிலர் சிரிப்பார்கள், சிலர் எங்கேயாவது கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். அக்கா பின்னாலேயே ஓடி வந்து கூட்டிப் போவார்.

காலனியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாள்களில் அவரை வகுப்புக்கே அழைத்து வந்து கடைசி நாற்காலியில் உட்கார வைப்பார். பெரியவர் தொந்தரவே செய்ய மாட்டார். திரையில் என்ன வந்தாலும் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருப்பார். "பானா... அதுல புள்ளி... " என்று அவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் சாருடைய வீடியோவே முடிந்துவிடும்.

வாசித்து முடிக்காமல் இடத்தை விட்டு நகராதது அக்காவுக்கு ஒரு வியாதி என்றே நினைத்தேன். பஸ் வந்து நின்றால் எல்லாரும் முண்டியடிப்போம். இவர் கீழே நின்று பஸ் போர்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, உதடு அசைய வாசித்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். அதற்குள் சில பஸ்கள் போயே போய்விடும். அவர் தினம் ஏறுகிற பஸ், தினம் பார்க்கிற போர்டு. "ஏக்கா, மன்னவனூர் பஸ்ஸு ராத்திரியோட ராத்திரியா வேற ஊருக்கா போயிரப் போகுது?" என்று கேலி செய்தேன். "சொல்ல முடியாது தம்பி" என்றார்.

சார் எங்களுக்குத் திட்டம் போடக் கற்றுக்கொடுத்த விதம் நல்ல விதம். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் பேப்பரைக் கட்டம் கட்டமாக மடிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு கேள்வி. என்ன சொல், எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே போகிறது. அக்கா முதல் மூன்று கேள்விக்கும் அழகாகப் பதில் எழுதுவார். நான்காவது எப்போதும் காலியாகவே இருக்கும்.

"அக்கா, எங்க போகுதுன்னு எழுதலையே?"

"எதுக்கு சார் போகணும்? வந்தது இருந்துட்டுப் போகட்டும்."

"அது போனாத்தானே அடுத்த சொல்லுக்கு எடம் கெடைக்கும்!"

"ஒதுங்கி நின்னா கெடைக்காதா சார்?"

பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று அக்கா செய்த முதல் வீடியோவில் ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. வந்த சொல்லெல்லாம் ஓரமாக ஒட்டி நின்றதில், திரை சீசன் நேரத்து பஸ் மாதிரி ஆகிவிட்டது. சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காரணம் தெரிந்தது ஒரு எழுத்துருத் தகராறில். அன்றைக்கு டைப் அடிப்பது போல எழுத்துகளை ஒவ்வொன்றாக வரவழைக்கும் பாடம். சார் 'கோடை விழா' என்று அடித்து ஓட விட்டார். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் கொம்பு தனி, எழுத்து தனி, கால் தனி. 'கோ' முழுசாக வரவில்லை. முதலில் ஒரு இரட்டைக் கொம்பு மட்டும் வந்து கறுப்புத் திரையில் அநாதையாக நின்றது. அப்புறம் 'க', அப்புறம் கால்.

"சார், காது மட்டும் வந்து நிக்கிது!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு அடங்கவில்லை. சார் எழுத்துருவைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்ப ஓட விட்டார். கொம்பு, க, கால். கொம்பு, க, கால். அப்போதுதான் அக்கா எழுந்து நிற்பதைப் பார்த்தோம். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இப்படித்தான் சார் எங்கப்பா வாசிச்சாரு" என்றார்.

யாரும் கேட்காமலே சொன்னார். "கப்பல விட்டு எறங்கி முகாம்ல கெடந்தோம். எங்களுக்குக் கோத்தகிரின்னு போட்டிருந்தாங்க. பெரியப்பா குடும்பத்துக்கும் அதேதான். தோட்டத்துல ஒரே லயத்து வரிசையில பக்கத்துப் பக்கத்து வீடு சார் நாங்க. பொறப்படுற அன்னைக்கு ரெண்டு பஸ்ஸு நின்னுச்சு. கண்ணாடியில சுண்ணாம்புல ஊர் பேரு. அப்பா ஒவ்வொண்ணா கூட்டுனாரு. கொம்பு, கானா, காலு... அதுக்குள்ள டிரைவரு ஹாரன் அடிச்சுட்டாரு. கோ-தான்னு சொல்லி எங்களத் தூக்கிப் போட்டு ஏறிட்டாரு. அது கோ இல்ல சார். கொ. ஒத்தக் கொம்பு. கொடைக்கானல்."

"அப்புறம்?" என்றார் சார்.

"அந்த இன்னொரு பஸ்ல இருந்து பெரியப்பா கைய ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டுனாரு. டாட்டா காட்டுறாருன்னு நாங்களும் திருப்பி ஆட்டுனோம். எறங்கச் சொல்லி ஆட்டியிருக்காரு சார்."

இங்கே வந்து இறங்கியதும், வந்தது வந்துவிட்டீர்கள், இந்த மலையிலும் வேலை கிடக்கிறது என்று சொல்லி இருத்திவிட்டார்களாம். அப்பா தன் அண்ணனை அதற்குப் பிறகு பார்த்தது ஒரே ஒரு தடவை, அவருடைய சாவுக்குப் போனபோது. இப்போது அந்தச் சாவும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. அண்ணன் அங்கே காத்திருக்கிறார் என்று மட்டும் ஞாபகம் இருந்தது. சார் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எல்லாரையும் டீ குடிக்கப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு 'ஃபீல் பண்ணுங்க' என்று அவர் அக்காவிடம் சொன்னதில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் பெரியவர் போய்விட்டார்.

அக்கா கேரட் கழுவப் போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்திருக்கிறது. காலனியே இறங்கித் தேடியது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். சிஸ்டர்கள் ஜீப் எடுத்துக்கொண்டு பூம்பாறை வரை போய் வந்தார்கள். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூட்டம். அந்தக் குளிரில் வயதானவர் ஒரு இரவு வெளியே கிடந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் இரவு போய் இரண்டாவது இரவும் போனது. மறுநாள் மத்தியானம் அக்கா நனைந்த சேலையோடு வகுப்புக்குள் வந்து நின்றார்.

"சார், காணவில்லைன்னு ஒரு வீடியோ போடணும். கேபிள்காரர் சாயங்காலம் பாட்டுக்கு நடுவுல முப்பது செகண்டு தரேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு மேல தர மாட்டாராம்."

சார் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். "போட்டோ இருக்கா?"

"கப்பல் ஏறும்போது எடுத்ததுதான் இருக்கு. அதுல அவரு எளந்தாரி சார்."

ஆக, எழுத்து மட்டும்தான். சார் வழக்கமாகப் பேப்பரில் வருகிற மாதிரியே பலகையில் எழுதினார். பெயர், வயது, உயரம், நிறம், அணிந்திருந்த உடை. அக்கா பெரியவரைப் போலவே எழுத்துக் கூட்டி அதை வாசித்துப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். பாதிகூட முடியவில்லை, முப்பது நொடி போய்விட்டது.

"கொஞ்சம் வேகமா ஓட்டிருவோம்க்கா. ஜனங்க வாசிச்சிருவாங்க" என்றேன்.

"யாரு வாசிப்பா? தோட்டத்துல காவக் கெடக்குறவரு, ஆட்டுப் பண்ணையில நிக்கிறவரு, ரோட்டோரம் டீ ஆத்துறவரு, இவங்கதான் அப்பாவப் பாத்திருப்பாங்க. அவங்கள்லாம் என்ன, ஒங்கள மாதிரி வெரசா வாசிப்பாங்களா தம்பி? சொல்லு போயிருச்சுன்னா அப்பாவும் போயிருவாரு."

ஒரு சொல் நிற்கும் நேரத்தைக் குறைக்க முடியாது, அதனால் சொல்லைக் குறைக்க வேண்டும். முப்பது நொடிக்குள் அக்காவின் வேகத்தில் ஏழு சொல்தான் நிற்கும். ஏழு சொல்லில் ஒரு அப்பாவை எப்படிச் சொல்வது? சார் ஒவ்வொன்றாகக் கேட்டார், அக்கா ஒவ்வொன்றாக அடித்தார்.

"பேரு?"

"பேரு கேட்டா சொல்ல மாட்டாரு. மறந்துருச்சு."

"சட்டை?"

"இந்தக் குளுருக்கு யாராவது மேல எதையாவது போத்தி விட்டிருப்பாங்க."

"உயரம்?"

"ரொம்பக் குனிஞ்சு நடப்பாரு சார்."

"அப்ப அவரு மறக்காம செய்யுறது என்னதான்க்கா?" சார் பலகையை விட்டுத் திரும்பினார். "எதையாவது சொல்லுங்க."

அக்கா பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கோத்தகிரிக்கு வழி கேப்பாரு" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது போலிருந்தது. சார் பலகையில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார். பிறகு எழுதினார்: 'உங்களிடம் யாராவது கோத்தகிரிக்கு வழி கேட்டார்களா? அவர் எங்கப்பா.' எண்ணிப் பார்த்தோம், சரியாக ஏழு. கேபிள் ஆபீஸ் போன் நம்பர் அடியில் நிரந்தரமாக நிற்கட்டும் என்று முடிவானது.

பேப்பரை மடித்துக் கட்டம் போட்டோம். அப்பா காணாமல் போயிருக்கிறார், அக்கா உட்கார்ந்து சொல்லுக்கு நேரம் குறித்துக்கொண்டிருக்கிறார். என்னால் பார்க்கவே முடியவில்லை. எழுத்துரு பழையபடி 'கோ' என்ற எழுத்தை உடைத்தது. சார் அதைச் சேர்த்துப் படமாக ஒட்டப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"கொம்பு மொதல்ல தனியாவே வரட்டும் சார். பெருசா. ரெண்டு சுழியும் நல்லாத் தெரியணும். பொறகு மத்தது வரட்டும்."

"அது தப்புக்கா. பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். சிரிக்கிறதுக்காகவாவது நிமிந்து பாப்பாங்கல்ல?"

அப்படியே செய்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் அக்கா அப்பாவின் குரலில் எழுத்துக் கூட்டி வாசித்தார், அவர் முடித்த பிறகுதான் அடுத்த சொல். 'எங்கப்பா' என்ற கடைசிச் சொல்லை மட்டும் அவரால் கூட்டி முடிக்க முடியவில்லை. "எனா... ஙானா... அதுல..." என்று ஆரம்பித்து மேஜையில் கவிழ்ந்துவிட்டார். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் என்று நானே ஒரு கணக்கில் எழுதினேன். எங்கே போகிறது என்ற கட்டம் ஏழு சொல்லுக்கும் காலியாக இருந்தது. சார் அதை அப்படியே விட்டுவிட்டார்.

"என்னம்மா இது, பேரே இல்லாம ஒரு காணவில்லை?" என்று தன் ஆபீஸில் வந்து நின்ற எங்களைப் பார்த்துக் கேபிள்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் போட்டார். பாட்டு நின்றது. கறுப்புத் திரையில் சொற்கள் வந்தன. கோத்தகிரிக்கு முன்னால் அந்த இரட்டைக் கொம்பு மட்டும் பெரிதாக வந்து நின்றது.

பாட்டு மறுபடி ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது. கேரட் குடோன்காரர் ஒருவர். "கேட்டாருங்க. நாந்தேன் தெரியாதுன்னு சொல்லிப்புட்டேன்." அடுத்தது பெருமாள்மலை பேக்கரியிலிருந்து ஒரு பெண். "எங்க கடையில டீ குடுத்தோம்ங்க. பெறகு எங்கிட்டுப் போனாருன்னு பாக்கல." எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறார் அந்த மனுஷன்! ஒவ்வொரு போனுக்கும் அக்கா எழுந்து நின்று பேசினார்.

மூன்றாவது ஆள் போன் செய்யவில்லை. நேரில் வந்தார். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவர்.

"நாந்தேன் தாயி அவரப் பழனி பஸ்ல ஏத்திவிட்டது. அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு சொன்னாரு. பழனி போயி, கோயமுத்தூர் போயி, மேட்டுப்பாளையம் போனீங்கன்னா பஸ்ஸு கெடைக்கும்னு வெவரமாச் சொன்னேன். டிக்கெட்டுக்கும் கையில குடுத்துவிட்டேன்." அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "தப்புப் பண்ணிட்டேனா?"

அக்கா அவரைக் கும்பிட்டார். "இல்லைங்க. இத்தன வருஷமா எல்லார்ட்டயும் கேட்டாரு. நீங்க ஒருத்தர்தான் சொல்லியிருக்கீங்க."

அடுத்த பழனி பஸ்ஸுக்கே அக்கா கிளம்பினார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது, கண்டக்டர் விசில் ஊதினார், நாங்கள் எல்லாரும் ஏறச் சொல்லிக் கத்தினோம். அவர் கீழே நின்று போர்டை வாசித்து முடித்துவிட்டுத்தான் ஏறினார்.

கொஞ்ச நாள் கழித்து சர்ச் போனில் கோத்தகிரியிலிருந்து கூப்பிட்டார். பெரியப்பா மகள் வீட்டில் இருந்தார். சார் பேசினார், நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா இங்க வந்து சேரல சார். மேட்டுப்பாளையத்துல ஒரு கண்டக்டரு பாத்திருக்காரு. கோத்தகிரி பஸ்ஸுலதான் ஏறினாராம். எங்க எறங்குனாருன்னு தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த வீடியோவ இந்த ஊரு கேபிளுக்கு அனுப்பணும் சார். அடியில இந்த வீட்டு நம்பரப் போட்டு, ஒரு சொல்ல மட்டும் மாத்தணும். கோத்தகிரிய எடுத்துட்டுக் கொடைக்கானல்னு போடுங்க."

"அக்கா, அவரு கோத்தகிரியத்தானே கேப்பாரு?"

"கோத்தகிரியில நின்னுக்கிட்டு அத ஏன் சார் கேக்கப் போறாரு? அண்ணனும் இல்ல, லயமும் இல்ல. நான் இல்லாம இத்தன நாளா இருந்ததே இல்ல அவரு. இப்ப வீட்டுக்குத்தான் வழி கேட்டுக்கிட்டு நிப்பாரு."

சார் போனை வைத்துவிட்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் அழுதார். குரங்குக் குல்லாவை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சொல்லை நான்தான் மாற்றினேன். இரட்டைக் கொம்பை எடுத்துவிட்டு ஒற்றைக் கொம்பைப் பெரிதாக வைத்தேன். பஸ் கண்ணாடியில் அன்றைக்கு எழுதியிருந்த அதே எழுத்து. குளிரைக் கண்டால் நடுங்கும் சார் அந்த சி.டி.யை எடுத்துக்கொண்டு தானே இன்னொரு மலை ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்கா எங்கள் மலைக்குத் திரும்பவே இல்லை. கேபிள் ஆபீஸ் வேலைக்கு வேறு பெண் சேர்ந்தது. பெரியவரைப் பார்த்ததாக யாரும், எங்கிருந்தும், இன்றுவரை சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை மட்டும் மறுபடி போன் வந்தது. சார் ஊரில் இல்லை. நான் எடுத்தேன்.

"போட்டாங்க தம்பி. நானும் பாத்தேன்" என்றார் அக்கா. "கொம்பு நல்லா வெளங்குது."

"யாராவது போன் பண்ணாங்களாக்கா?"

பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கொடைக்கானல்ங்கிற சொல்லு வந்ததும் அடுத்த சொல்லு வெரசா வந்துருது தம்பி. எங்கயாவது ஒரு டீக்கடையில நின்னு அப்பா பாத்துக்கிட்டு இருப்பாரு. இன்னும் வாசிச்சு முடிச்சிருக்க மாட்டாரு. அத இன்னுங் கொஞ்ச நேரம் நிக்க வையுங்க."